பப்ளிக் எனிமியின் 1988 ஆல்பம்: இந்த இரைச்சலுக்குள் அரசியல் எங்கே இருக்கிறது?

அரைக்காது:

வணக்கம். சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

ராப் பக்கம் நான் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அரசியல் பேசும் ஹிப் ஹாப் எது என்று யாரிடம் கேட்டாலும் ஒரே ஆல்பத்தைத்தான் கையில் திணிக்கிறார்கள். பப்ளிக் எனிமி என்ற அமெரிக்க ராப் குழுவின் ‘இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ் டு ஹோல்ட் அஸ் பேக்’. 1988இல் வந்தது. ஒரு தேசமே திரண்டு வந்தால்தான் எங்களைப் பிடித்து நிறுத்த முடியும் என்கிற மாதிரித் தலைப்பு. தலைப்பு பிடித்திருந்தது. ஆல்பம்தான் பிடிபடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஸ்பீக்கரில் போட்டேன். ‘ரெபெல் விதவுட் எ பாஸ்’ என்று ஒரு பாட்டு. அதில் ஒரு கீச்சுச் சத்தம் ஆரம்பித்து நிற்கவே மாட்டேன் என்கிறது. அம்மா அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “குக்கரே வைக்கலையேடா, விசில் எங்கேர்ந்து வருது?” என்றார். அடுத்த நிமிடம் அப்பா வந்து ஸ்பீக்கரை அணைத்துவிட்டார்.

அப்புறம் வரிகளைத் தேடி எடுத்து வாசித்தேன். ஏகப்பட்ட ஆட்களின் பெயர், அந்தக் காலத்து நியூயார்க் சண்டை சச்சரவு, வானொலிக்காரர்களைத் திட்டுவது. அடிக்குறிப்பு இல்லாமல் ஒரு வரி நகரவில்லை. இதில் எங்கே அரசியல், எங்கே பாட்டு? எந்த இடத்தில் ஆரம்பித்தால் எனக்குக் கதவு திறக்கும்?


கறார்:

‘டோன்ட் பிலீவ் த ஹைப்’ பாட்டில் ஆரம்பியுங்கள். வேகம் குறைவு, சொல் தெளிவு. அடிக்குறிப்போடு வாசித்தால்தான் என்ன, குறைந்தா போய்விடும்? இன்னொன்று, பட்டியலில் முதலிடம் என்பதற்காக ஒரு ஆல்பத்தைப் பிடிக்க வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.


பழைய டெக்:

தம்பி, அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவருக்குக் காது நல்ல காது. எனக்கும் அதே சத்தத்தில்தான் அந்த ஆல்பம் அறிமுகமானது.

தூத்துக்குடியில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். உங்கள் வயதுக்காரர்களுக்காகச் சொல்கிறேன்: வெற்றுக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொண்டுவந்து கொடுத்தால் எல்பி தட்டிலிருந்தோ வேறு கேசட்டிலிருந்தோ பதிந்து தருவோம். துறைமுக ஊர் என்பதால் கப்பலில் வேலை பார்ப்பவர்கள் வெளிநாட்டுக் கேசட்டுகளைக் கொண்டுவருவார்கள். 1990 வாக்கில் அப்படி ஒருவர் இந்த ஆல்பத்தைக் கொடுத்து, டிடிகே 60 நிமிடக் கேசட் ஒன்றில் ஒரு நகல் போடச் சொன்னார். அட்டையில் இரண்டு கறுப்பர்கள் கம்பிக்குப் பின்னால் நிற்கிறார்கள். ஒருவர் கழுத்தில் சுவர்க்கடிகாரம் மாதிரி ஒன்று தொங்குகிறது. ஏதோ போலீஸ் படப் பாட்டு என்று நினைத்தேன்.

இரண்டாவது பக்கம் ஓடும்போது அந்தக் கீச்சு வந்தது. டெக்கின் ஹெட்டில் அழுக்கு என்று முடிவு கட்டினேன். நிறுத்தி, பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தேன், ரப்பர் உருளையைத் துடைத்தேன், மறுபடி போட்டேன். கீச்சு. பக்கத்து டெக்கில் மாற்றிப் போட்டேன். அங்கேயும் கீச்சு. முதலாளி வந்து கேட்டுவிட்டு, “மூலத்துலயே அப்படித்தான் இருக்குடே” என்று போய்விட்டார். மூலத்திலேயே ஒருவன் வேண்டுமென்றே அப்படிச் செய்து வைத்திருப்பான் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கீச்சு ஒரு சாக்ஸபோன். ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் வாத்தியக்காரர்கள் ‘த ஜேபீஸ்’ என்ற பெயரில் 1970இல் போட்ட ‘த கிரண்ட்’ என்ற துண்டின் தொடக்கம். அதில் அந்த அலறல் ஒருமுறை வரும், பிறகு எல்லோரும் ஆட ஆரம்பிக்கலாம். பப்ளிக் எனிமி அந்த அலறலை மட்டும் நறுக்கி எடுத்து, ஆட்டத்தை வர விடாமல், அலறலையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். கீழே ஓடும் டிரம்ஸும் ஜேம்ஸ் பிரவுனிடமிருந்து வந்ததுதான்: ‘ஃபங்கி டிரம்மர்’, வாசித்தவர் கிளைட் ஸ்டப்பில்ஃபீல்டு. குக்கரில் விசில் அடித்தால் இறக்கி வைக்க வேண்டும், இல்லையா? இதில் இறக்கி வைக்க யாரும் வருவதில்லை. அமெரிக்க அதிபர் ரீகன் ஆட்சியின் எட்டாவது வருடத்தில் ஒரு கறுப்பின இளைஞனின் தலைக்குள் என்ன சத்தம் கேட்டிருக்கும் என்று கேட்டால் நான் இந்தப் பாட்டைத்தான் காட்டுவேன். வரியெல்லாம் அப்புறம்.

எங்கே ஆரம்பிப்பது என்றால், என் ஓட்டு ‘பிரிங் த நாய்ஸ்’ பாட்டின் முதல் நொடிகளுக்கு. ஒரு குரல் மிகவும் கறுப்பு, மிகவும் வலுவானது என்கிற பொருளில் இரண்டே துண்டுச் சொற்களைச் சொல்லும். அது கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ். 1963 நவம்பரில் டெட்ராய்ட் நகரில் அவர் பேசிய பேச்சிலிருந்து அறுத்து எடுத்தது. அந்த ஆகஸ்டில்தான் கறுப்பின மக்களின் உரிமைக்காக வாஷிங்டன் பேரணி நடந்திருந்தது. அதைப் பற்றிப் பேசும்போது காபியை உதாரணம் காட்டுவார்: காபி ரொம்பக் கறுப்பாக, ரொம்ப வலுவாக இருந்தால் என்ன செய்வீர்கள், பாலாடை கலப்பீர்கள், அது பலவீனமாகிவிடும். வெள்ளைக்காரர்களைக் கலந்து அந்தப் பேரணியின் வீரியத்தைக் குறைத்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். நம் வீட்டில் கள்ளிச் சொட்டாக இறங்கிய முதல் டிகாக்‌ஷனில் யாராவது அரைச் சொம்பு பாலை ஊற்றினால் வரும் கோபம் அது. அந்த வாதம் சரியா தவறா என்பது வேறு விஷயம். பேச்சில் பாலைப் பற்றிய பகுதியை வெட்டிவிட்டு டிகாக்‌ஷனை மட்டும் எடுத்துப் பாட்டின் வாசலில் வைத்தார்கள் பாருங்கள், அந்த வெட்டிலேயே அரசியல் இருக்கிறது. ஆங்கிலமே தெரியாதவனுக்கும் கேட்கும் அரசியல்.

எப்படி வெட்டினார்கள் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் அது எங்கள் கடைத் தொழில். இசையமைத்தவர்களுக்கு ‘பாம் ஸ்குவாட்’ என்று பெயர்: ஹாங்க் ஷாக்லீ, அவர் தம்பி கீத், எரிக் சாட்லர், கூடவே பாடுகிற சக் டி. அவர்கள் கையில் எஸ்பி 1200 என்ற சாம்பிளர் இருந்தது, ஒலித் துண்டுகளைப் பதிந்து திரும்ப ஓட்டும் கருவி. அதன் மொத்த நினைவே 10 நொடி. அதிலும் ஒரு துண்டு இரண்டரை நொடிக்கு மேல் போகாது. ஒரு தும்மல் போட்டால் இடம் தீர்ந்துவிடும். அதற்கு அந்தக் கருவிக்காரர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓட வேண்டிய எல்பியை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிவார்கள். பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்து பழைய நிலைக்கு இறக்குவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 10 நொடி இடத்தில் பதின்மூன்றரை நொடி அடங்கும். இறக்கும்போது ஒலி கொஞ்சம் கரகரத்துப்போகும், மண் ஒட்டின மாதிரி. அந்த மண்தான் இந்த ஆல்பம் முழுக்க.

எங்கள் கடையில் யாராவது தெரியாமல் வேக நெம்புகோலைத் தட்டிவிட்டால் டி.எம்.எஸ். குரல் பள்ளிக்கூடப் பையன் குரலாகிவிடும். அந்தத் தவறுக்கு நான் திட்டு வாங்கியிருக்கிறேன். அதே தவறைத் தொழில்நுட்பமாக்கி வைத்திருந்திருக்கிறார்கள் அங்கே.

இன்னொரு விஷயமும் என் தொழில் கண்ணுக்குப் பட்டது. 60 நிமிடக் கேசட்டில் ஆல்பம் பதியும்போது எங்களுக்குப் பெரிய தலைவலி, கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோவதுதான். எதைச் சுருக்குவது, எதை விடுவது என்று வாடிக்கையாளரிடம் கெஞ்சுவோம். இந்த ஆல்பம் மொத்தம் 58 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பக்கம் 29 நிமிடம் சொச்சம், மறுபக்கம் 28 சொச்சம். அளவெடுத்துத் தைத்த சட்டை. தற்செயல் இல்லை, கேசட்டில் கேட்பவனை மனதில் வைத்தே பக்கத்துக்கு அரை மணி என்று கட்டினார்கள். பாட்டுக்குப் பாட்டு இடைவெளியும் வைக்கவில்லை. லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியனில் 1987இல் அவர்கள் நடத்திய கச்சேரியின் கூட்டச் சத்தம், சைரன், பேச்சுத் துண்டு என்று எதையாவது வைத்து ஒட்டியிருப்பார்கள். அதனால் நீங்கள் ஒரு பாட்டை மட்டும் பிய்த்துக் கேட்டால் கதவு திறக்காது. ஒரு பக்கத்தை முழுசாகக் கேளுங்கள். ஹெட்போனில். அப்பா பாவம்.


அரைக்காது:

அண்ணா, இவ்வளவு எழுதியதற்கு நன்றி. காபி விஷயம் தெரிந்தபிறகு அந்த முதல் நொடியை ஏழெட்டு முறை கேட்டுவிட்டேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. சாக்ஸபோன் ஒருவருடையது, டிரம்ஸ் இன்னொருவருடையது, பேச்சு மால்கம் எக்ஸுடையது. இங்கே ஒரு இசையமைப்பாளர் நாலு ஸ்வரம் எடுத்தாலே காப்பி என்று கிழிக்கிறோம். இவர்கள் செய்ததற்கு மட்டும் ஏன் கலை என்று பெயர்?


கறார்:

இதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். கூடுதலாக ஒரு தகவல். ‘காட், கேன் வி கெட் எ விட்னஸ்?’ என்று அதே ஆல்பத்தில் எட்டாவது பாட்டு. பீட் திருடியதாகத் தங்களைக் கோர்ட்டில் நிறுத்துவதாகக் கற்பனை செய்து பாடியிருப்பார்கள். அதாவது கேள்வி வரும் என்று அவர்களுக்கே தெரியும். மூன்று வருடம் கழித்து, 1991 டிசம்பரில், பிஸ் மார்க்கி என்ற வேறொரு ராப்பர் நிஜமாகவே மாட்டினார். கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாட்டிலிருந்து அனுமதி இல்லாமல் எடுத்ததற்காக. திருடாதே என்ற பைபிள் கட்டளையை மேற்கோள் காட்டித்தான் நீதிபதி தீர்ப்பையே ஆரம்பித்தார். அதன்பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதியும் காசும் என்றாகிவிட்டது. ஒரு பாட்டில் பத்து இருபது துண்டு அடுக்கும் இந்த மாதிரி ஆல்பத்தை இன்று சட்டப்படி எடுத்தால் போட்டவன் கடனாளி ஆவான்.


பழைய டெக்:

கறார், நீங்கள் சொன்ன எட்டாவது பாட்டு முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு. டெக்கில் ‘டக்’ என்று பொத்தான் எகிறும் நேரத்தில் கோர்ட்டில் நிற்பார்கள். எனக்கு அது எப்போதும் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், ஏனென்றால் ஒரு ரூபாய் ராயல்டி கொடுக்காமல் ஊருக்கே பாட்டுப் பதிந்து கொடுத்தவன் நான். திருட்டைப் பற்றி நான் தீர்ப்புச் சொன்னால் தூத்துக்குடியே சிரிக்கும்.

ஆனாலும் சொல்கிறேன். ஒரு மெட்டை எடுத்து, அடையாளத்தை மறைத்து, தன் பெயரைப் போட்டுக்கொள்வது ஒரு வகை. பாம் ஸ்குவாட் எடுத்ததை மறைக்கவில்லை. ஜேம்ஸ் பிரவுன், சோல் பாடகர் ஐசக் ஹேய்ஸ், மால்கம் எக்ஸ் என்று எல்லோரையும் ஒரே அறைக்குள் கூட்டிவந்து ஒருவர் மேல் ஒருவர் பேச விட்டார்கள். இருபது வருடமாகச் சேர்ந்த கறுப்பின இசைத்தட்டுகள்தான் அவர்களுக்கு நூலகம், பத்திரிகைக் கட்டு, சாட்சி. சுருதி சேர்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. சாட்லர் வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர், அவருக்கு அது உறுத்தும். ஷாக்லீக்கு உறுத்துவதுதான் வேண்டும்.

இவ்வளவு வாதாடிவிட்டு ஒரு இடத்தில் எனக்கு வாய் அடைத்துப்போகிறது. கிளைட் ஸ்டப்பில்ஃபீல்டு. அவர் வாசித்த சில நொடி டிரம்ஸ், உலகத்தில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட துண்டுகளில் ஒன்று. பாட்டு ஜேம்ஸ் பிரவுன் பெயரில் இருந்ததால் ராயல்டியில் அவருக்குப் பங்கு இல்லை. 2017இல் இறந்துபோனார். அவருடைய கை எத்தனை பேரைப் பணக்காரர் ஆக்கியது என்று யோசித்தால், மேலே நான் எழுதிய நூலகம், சாட்சி எல்லாம் கொஞ்சம் அழகுப் பேச்சாகத் தெரிகிறது. 1991 தீர்ப்புக்குப் பிறகு துண்டுகளுக்காகக் கட்ட வேண்டியதான காசும் இவர் மாதிரி ஆட்களுக்குப் போகவில்லை, பாட்டின் உரிமையை வைத்திருந்தவர்களுக்குத்தான் போனது. அதையும் பார்க்க வேண்டும்.


வெயில்நேரம்:

நான் இந்த ஆல்பத்தை விரும்பிக் கேட்பவள். அதனாலேயே யாரும் தொடாத இரண்டைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

பத்தாவது பாட்டு, ‘ஷி வாட்ச் சேனல் ஜீரோ’. கேட்கக் கேட்க உடம்பு அதிரும். ஸ்லேயர் என்ற மெட்டல் குழுவின் கிட்டாரை எடுத்து ஓடவிட்டிருப்பார்கள். ஸ்லேயரின் அந்த ஆல்பத்தைத் தயாரித்தவரும் ரிக் ரூபின்தான், பப்ளிக் எனிமியை டெஃப் ஜாம் இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கூட்டிவந்தவரும் அவர்தான், அதனால் சொந்த வீட்டுச் சரக்கு. சரி, பாட்டு எதைப் பற்றி? ஒரு பெண் எந்நேரமும் டிவி சீரியல் பார்த்துக் கெட்டுப்போகிறாளாம். பிள்ளையைக் கவனிப்பதில்லையாம். இதை எங்கள் பெரியப்பா இன்னும் நன்றாகச் சொல்வார், அவருக்கு ஸ்லேயர் கிட்டார் தேவைப்படாது. அமெரிக்க அரசாங்கத்தையே எதிர்த்து நிற்கும் ஆட்களுக்கு டிவியின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆண் மட்டும் கண்ணில் படவில்லை. அதே டிவியில் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பான், வேறு எங்கே போயிருப்பான்.

இத்தனைக்கும் அடுத்த பாட்டு, ‘நைட் ஆஃப் த லிவிங் பேஸ்ஹெட்ஸ்’, எனக்கு இந்த ஆல்பத்திலேயே பெரிய பாட்டு. கிராக் போதையைப் பற்றியது. கொகெய்னைச் சோடா மாவோடு காய்ச்சிக் கல்லாக்கி, சில்லறைக் காசுக்கு விற்ற சரக்கு. 1986இல் வந்த சட்டப்படி 5 கிராம் கிராக் விற்றவனுக்கும் 500 கிராம் கொகெய்ன் தூள் விற்றவனுக்கும் ஒரே ஐந்து வருடக் குறைந்தபட்சத் தண்டனை. யாரிடம் கல் இருந்தது, யாரிடம் தூள் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பாட்டு அதோடு நிற்காமல், சொந்தத் தெருவுக்கே விஷம் விற்கும் கறுப்பனையும் சட்டையைப் பிடித்துக் கேட்கும். அதன் வீடியோவில் ராப்பர் எம்சி லைட், ஒரு பெண், நிருபராக வந்து போதையைத் தேடி வால் ஸ்ட்ரீட்டுக்குள் போவார். இவ்வளவு தெளிவாக யோசித்தவர்கள்தான் அதற்கு முந்தைய பாட்டில் என் பெரியப்பாவானார்கள்.

இரண்டாவது, புரொஃபசர் கிரிஃப். மேடையில் பொம்மைத் துப்பாக்கியோடு அணிவகுக்கும் எஸ்1டபிள்யூ என்ற பிரிவுக்குத் தலைவர், குழுவின் ‘தகவல்துறை அமைச்சர்’. 1989இல் வாஷிங்டன் டைம்ஸ் பேட்டியில் யூதர்களைப் பற்றி வெறுப்புப் பேச்சுப் பேசினார். அதற்குப் பிறகு நீக்கினார்கள், சேர்த்தார்கள், குழுவையே கலைப்பதாகச் சொன்னார்கள், ஒரு கோடையே அந்தக் குழப்பத்தில் போனது. ஆல்பத்துக்குள்ளேயும் ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ அமைப்பின் தலைவர் ஃபரகானைத் தூக்கிப் பிடிக்கும் வரிகள் இருக்கின்றன, அவருக்கும் அதே வியாதி. அரசியல் ஆல்பம் என்று புகழும்போது இந்த அரசியலையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம்.


பழைய டெக்:

மறுப்பதற்கு எதுவும் இல்லை. சேனல் ஜீரோவை நான் எத்தனையோ முறை பதிந்திருக்கிறேன், பாட்டு என்ன சொல்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. சத்தத்தை மட்டும் கேட்பவனுக்கு வரும் சௌகரியம் அது. தம்பி, முதலில் நான் ‘வரியெல்லாம் அப்புறம்’ என்று எழுதியிருந்தேன். இந்த அம்மா எழுதியதை வாசித்தபிறகு அந்த ‘அப்புறம்’ ரொம்ப நாள் தள்ளிப்போகக் கூடாது என்று திருத்திக்கொள்கிறேன்.

கிரிஃப் விஷயம் எங்களுக்கு அன்று தெரியாது. கேசட் உறையில் அவர் பெயர் இருந்தது, அவ்வளவுதான். கேசட் வந்த கப்பலில் அமெரிக்கச் செய்தித்தாள் வரவில்லை.

வரிக்காகக் கேட்க வேண்டும் என்றால் பன்னிரண்டாவது பாட்டுக்குப் போங்கள். ‘பிளாக் ஸ்டீல் இன் த அவர் ஆஃப் கேயாஸ்’. அடிக்குறிப்பு தேவையில்லாத பாட்டு, ஏனென்றால் அது கதை. ஒருவனுக்கு அரசாங்கத்திலிருந்து கடிதம் வருகிறது, ராணுவத்தில் சேரச் சொல்லி. என்னை மனுஷனாகவே மதிக்காத நாட்டுக்காக நான் ஏன் சண்டை போட வேண்டும் என்று மறுக்கிறான். சிறை. அங்கிருந்து தப்பிக்கத் திட்டம். 1988இல் அமெரிக்காவில் கட்டாய ராணுவச் சேர்ப்பே கிடையாது, 1973இலேயே நின்றுவிட்டது. அதனால் இது அன்றைய செய்தி இல்லை, 1967இல் குத்துச்சண்டை வீரர் முகமது அலி ராணுவத்துக்கு ‘வர மாட்டேன்’ என்று சொன்ன காலத்தின் கோபத்தை எடுத்து நீட்டிய கதை. மற்றப் பாட்டுகளில் இருக்கும் நெரிசல் இதில் இல்லை. ஐசக் ஹேய்ஸின் பியானோத் துண்டு ஒன்று மட்டும், சிறை வராந்தாவில் ஒருவன் நடப்பது மாதிரி, போய்த் திரும்பிப் போய்த் திரும்பி. சக் டிக்குச் சின்ன வயதில் விளையாட்டு வர்ணனையாளர் ஆக ஆசை. அந்தக் கனத்த குரலில் அவசரப்படாமல் காவலர் எங்கே நிற்கிறார், கதவு எங்கே என்று சொல்லிக்கொண்டே போவார். நடுநடுவே ஃபிளேவர் ஃபிளேவ், அந்தக் கடிகாரக்காரர், டெலிபோனில் பேசுகிற மாதிரி வருவார். வெளியிலிருந்து ஒரு நண்பன் போன் போட்டு தைரியம் சொல்கிற மாதிரி. ஆள் கோமாளி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இந்த ஒரு பாட்டில் அவர் இல்லையென்றால் மூச்சு முட்டிவிடும்.


அரைக்காது:

நேற்று இரவு பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது இரண்டாவது பக்கம் முழுவதையும் ஹெட்போனில் கேட்டேன். ‘ஷோ எம் வாட்சா காட்’ ஆரம்பிக்கும்போது விளக்கை அணைத்துவிட்டார்கள். அதில் வரும் சாக்ஸபோனும் இருட்டுமாக நன்றாக இருந்தது. சேனல் ஜீரோ வந்தபோது வெயில்நேரம் அக்காவின் பெரியப்பா ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

பிளாக் ஸ்டீல் பிடிபட்டுவிட்டது, அண்ணா. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, எங்கேயும் தள்ளிவிடத் தோன்றவில்லை. அவர்கள் தப்பித்து ஓடியதும் எனக்கு ‘அப்பாடா’ என்று இருந்தது. குக்கர் விசில் வந்தபோது இந்த முறை எரிச்சல் வரவில்லை, எப்போது நிறுத்துவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். நிறுத்தவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும். பிளாக் ஸ்டீலுக்கும் விசில் பாட்டுக்கும் நடுவில் ஒன்றரை நிமிடம்கூட இல்லாத ஒரு சின்னத் துண்டு வருகிறதே, பாட்டே இல்லாமல் வெறும் டிரம்ஸ். அதை நான் வேறு எங்கேயோ கேட்டிருக்கிறேன். ஏதோ ஒரு பெண் கிசுகிசுப்பாகப் பாடும் பாட்டு. அது எது?


பழைய டெக்:

‘செக்யூரிட்டி ஆஃப் த ஃபர்ஸ்ட் வேர்ல்ட்’. நீங்கள் கேட்ட கிசுகிசுப்பு மடோனா, 1990இல் வந்த ‘ஜஸ்டிஃபை மை லவ்’. அதன் கீழே ஓடுவது இந்த டிரம்ஸ்தான். அவர்கள் அதை எடுத்தது பாம் ஸ்குவாடுக்குப் பிடிக்கவில்லை, எங்களுடையதை எப்படி எடுக்கலாம் என்று ஹாங்க் ஷாக்லீ வெளிப்படையாகவே கோபப்பட்டார்.

அந்த ‘எங்களுடையது’ எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அதுவும் ‘ஃபங்கி டிரம்மர்’தான். ஸ்டப்பில்ஃபீல்டின் கை.